தில்லியின் மெருகு ஓடுகள்

சுட்ட ஓட்டின் முகத்தில் மெல்லிய கண்ணாடிப் படலம் உருகிப் பிடித்திருந்தால் அது மெருகு ஓடு. குளியலறைச் சுவரில் பதிக்கும் டைல்ஸும், தில்லி லோதி தோட்டத்துக் கல்லறையின் நெற்றியில் மிச்சமிருக்கும் நீலப் பட்டையும் ஒரே இனம்தான். கண்ணாடிப் படலம் தண்ணீரை உள்ளே விடாது, அழுக்கைப் பிடித்துவைக்காது, வெயிலில் நிறம் வெளுக்காது. கட்டடக் கலைஞர்களுக்கு இந்த மூன்று குணங்களும் வேண்டியிருந்ததால் ஈராக்கிலும் ஈரானிலும் தேர்ந்த இந்தத் தொழில் மேற்கே இத்தாலி வரையிலும் கிழக்கே தில்லி வரையிலும் பரவியது.

இன்று தில்லிக் கடைகளில் ‘இத்தாலியன் டைல்ஸ்’ என்பது மதிப்பான பெயர். வீடு கட்டுபவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். ஆனால் தில்லிக்கென்றும் ஒரு மெருகு ஓட்டு மரபு உண்டு. அது ஐந்து நூற்றாண்டுப் பழமை உடையது. லோதி தோட்டத்தில் தொடங்கி நிஜாமுதீன், பழைய கோட்டை, மெஹ்ரௌலி, செங்கோட்டை வழியாக டைல்ஸ் கடைத்தெருவில் முடியும் ஒரு பயணத்தில் இரண்டு மரபுகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

இரண்டு குடும்பங்கள்

இத்தாலிய மரபு ஓடு களிமண்ணால் ஆனது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணைப் பலகையாகத் தட்டி, உலர்த்தி, சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஒருமுறை சுடுவார்கள். சுட்ட ஓடு மங்கிய சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும். அந்த நிறத்தை மறைக்க, ஈயமும் வெள்ளீய ஆக்சைடும் கலந்த கரைசலில் முக்கி எடுப்பார்கள். அது காய்ந்ததும் மாவு பூசியது போன்ற வெள்ளைப் பரப்பு கிடைக்கும். ஓவியம் அதன் மேல்தான். தூரிகை பட்டதும் ஈரத்தை மாவு உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் போட்ட கோட்டை அழித்துத் திருத்த முடியாது. கோபால்ட் நீலம், செம்புப் பச்சை, ஆன்டிமனி மஞ்சள், மாங்கனீஸ் ஊதா, இரும்பு தரும் ஆரஞ்சு ஆகியவை வழக்கமான நிறங்கள். இரண்டாம் சூட்டில் வெள்ளையும் நிறமும் சேர்ந்து உருகிப் பளபளக்கும். இதற்கு மையோலிகா என்று பெயர். சீனப் பீங்கானின் வெண்மையைப் பார்த்து 9ஆம் நூற்றாண்டு ஈராக்கியக் குயவர்கள் கண்டுபிடித்த வெள்ளீய வெள்ளை, ஸ்பெயின் வழியாக இத்தாலி போய்ச் சேர்ந்து இந்த உருவம் எடுத்தது.

தில்லி ஓட்டில் களிமண் பெயரளவுக்குத்தான். அதன் உடல் வெண்கல் எனப்படும் குவார்ட்ஸின் தூள். அதனுடன் கண்ணாடித் தூளைச் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்திச் சுடுவார்கள். இந்தக் கலவை ஈரானில் 12ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றது. மேலே இடும் மெருகு சோடா உப்பில் விளைவது. சோடா மெருகு சூட்டில் அதிகம் விரிந்து, ஆறும்போது அதிகம் சுருங்கும். சாதாரண மண் ஓட்டின் மேல் இட்டால் வெடித்து உரிந்துவிடும். குவார்ட்ஸ் நிறைந்த உடல் ஏறக்குறைய அதே அளவில் விரிந்து சுருங்குவதால் மெருகு நிலைத்து நிற்கிறது.

நிறத்திலும் இந்த வேறுபாடு தெரியும். ஈயம் கலந்த இத்தாலிய மெருகில் செம்பைச் சேர்த்தால் பச்சை கிடைக்கும். அதே செம்பைத் தில்லியின் சோடா மெருகில் சேர்த்தால் மயில் கழுத்துப் பசுநீலம் கிடைக்கும். லோதி, முகலாயக் கட்டடங்களில் மீண்டும் மீண்டும் கண்ணில் படும் நிறம் அதுதான்.

லோதி தோட்டம்

மஞ்சள் வழித்தடத்தின் ஜோர் பாக் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் லோதி தோட்டம் இருக்கிறது. இங்கு முன்பு கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. 1936இல் மக்களை வேறிடத்துக்கு மாற்றி, வில்லிங்டன் சீமாட்டியின் பெயரில் பூங்காவாக்கினார்கள். இன்று காலை நடைக்கு வரும் கூட்டத்தின் நடுவே சையது, லோதி சுல்தான்களின் காலத்துக் கல்லறைகள் நிற்கின்றன.

அவற்றில் மெருகு ஓட்டுக்காகவே பெயர் பெற்றது ஷீஷ் கும்பத். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. உள்ளே இருக்கும் சமாதிகள் யாருடையவை என்பது உறுதியாகவில்லை. வெளியிலிருந்து இரண்டு மாடிக் கட்டடம் போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரே உயர்ந்த கூடம். முகப்பின் மேல்பகுதியில் கருநீலமும் பசுநீலமும் மாறிமாறி வரும் பட்டைகள் மிச்சமிருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது அருகே நின்று பார்த்தால் சில செய்திகள் புலப்படும். ஒவ்வொரு துண்டும் ஒரே நிறம் கொண்டது. எதிலும் ஓவியம் இல்லை. மெருகில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல ஓடுகின்றன. ஓடு உதிர்ந்த இடத்தில் சாந்துப் படுக்கையில் அதன் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது.

1517இல் இறந்த சிக்கந்தர் லோதியின் கல்லறை தோட்டத்தின் வடகோடியில் இருக்கிறது. அந்த எண்கோணக் கட்டடத்திலும் பல நிற ஓட்டு அலங்காரத்தின் எச்சம் உண்டு. இந்தக் கட்டடங்கள் எதிலும் சுவர் முழுவதையும் ஓடு மூடவில்லை. விளிம்பிலும் வளைவின் தோளிலும் மாடத்தைச் சுற்றியும் மட்டும் ஒரு கோடு, ஒரு பட்டை. காரணம் தில்லியின் நிலத்தில் இருக்கிறது. முல்தான் போன்ற செங்கல் நாட்டில் கல் கிடையாது. அங்கே 1320களில் எழுந்த ருக்ன்-ஏ-ஆலம் கல்லறை போன்ற கட்டடங்களின் அழகுக்கு ஓடே முதல் துணை. தில்லிக்கு ஆரவல்லி மலைத்தொடரின் சாம்பல் நிறக் கல் காலடியிலேயே கிடைத்தது. ஆக்ரா பக்கத்திலிருந்து சிவப்பு மணற்கல் வந்தது. கல்லே அழகு தரும் ஊரில் ஓட்டுக்கு நெற்றிப்பொட்டு அளவே இடம் கிடைத்தது.

நிஜாமுதீன் வட்டாரம்

லோதி சாலை கிழக்கே போய் மதுரா சாலையைத் தொடும் சந்திப்பில், வண்டிகள் சுற்றிப்போகும் திட்டின் நடுவே சப்ஸ் புர்ஜ் நிற்கிறது. 1530களைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தொடக்க முகலாயக் கல்லறை. அகலமும் குறுகலுமாக மாறிவரும் எட்டுப் பக்கங்களும், குவிமாடத்துக்குக் கீழே நீண்ட கழுத்தும் சமர்கந்து, ஹெராத் கட்டடங்களை நினைவூட்டும். பெயர் பச்சைக் கோபுரம் என்றாலும் குவிமாடம் நீலம். இப்போது காணும் குவிமாட ஓடுகள் 20ஆம் நூற்றாண்டில் பதித்தவை. பழைய வேலையைப் பார்க்கக் கழுத்துப் பகுதியை நோக்க வேண்டும். நீலம், பசுநீலம், பச்சை, மஞ்சள் துண்டுகள் கோத்த கோலங்கள் அங்கே இருக்கின்றன. ஆகா கான் கலாச்சார அறக்கட்டளை செய்த பாதுகாப்புப் பணி 2021இல் முடிந்தபோது, உள் கூரையில் தங்கமும் லாபிஸ் நீலமும் கொண்ட ஓவியம் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டது.

சாலையின் மறுபுறம் ஹுமாயூன் கல்லறை வளாகம். நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கான் நியாஸியின் எண்கோணக் கல்லறை இருக்கிறது. ஷேர் ஷா சூரியின் அவையில் பெரும் பிரபுவாக இருந்தவர் அவர். கல்லறை 1547-48இல் எழுந்தது. வளைவுகளின் தோள்களிலும் கூரைமேல் இருக்கும் சத்ரி என்னும் சிறு மண்டபங்களிலும் நீல ஓடு பதித்திருக்கிறார்கள். அதே சுற்றுமதிலுக்குள் இருக்கும் மசூதியின் முகப்பிலும் ஓட்டு வேலை தெரியும்.

ஹுமாயூனின் கல்லறை 1560களில் தொடங்கி 1570களின் தொடக்கத்தில் முடிந்தது. வடிவமைத்தவர் மீரக் மிர்சா கியாஸ். பெருங்குவிமாடம் வெள்ளைப் பளிங்கு. உடல் சிவப்பு மணற்கல். அந்த இரண்டு நிறங்களுக்கு நடுவே, கூரையின் மூலைகளில் இருக்கும் சத்ரிகள் மட்டும் நீலத் தொப்பி அணிந்திருக்கின்றன. கல்லறையின் கிழக்கு மதிலுக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி நீலா கும்பத் இருக்கிறது. இதன் முழுக் குவிமாடமும் நீல ஓடு. அப்துர் ரஹீம் கான்-ஏ-கானான் தன் ஊழியர் ஃபஹீம் கானுக்காக 1620களில் எழுப்பியது என்பது பழைய கருத்து. ஹுமாயூன் கல்லறைக்கும் முந்தியது என்பது இப்போதைய ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

பல நிறக் கோலங்களை ஓவியமாகத் தீட்டவில்லை, வெட்டிக் கோத்தார்கள். ஒரே நிறத்தில் சுட்ட பலகையின் மேல் காகித வரைபடத்தை வைத்து உருவைக் குறித்துக்கொள்வார்கள். சிறிய உளியால் தட்டித் தட்டி வெட்டி, விளிம்பைப் பின்பக்கம் சரிவாகத் தேய்ப்பார்கள். அப்படிச் சரித்தால் முன்பக்கத்தில் துண்டும் துண்டும் இடைவெளியின்றிச் சேரும். பின்பக்கம் சாந்து புகுந்து பிடிக்க இடம் கிடைக்கும். பிறகு துண்டுகளை முகம் கீழாக வரைபடத்தின் மேல் அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றி, இறுகிய பலகையைத் தூக்கிச் சுவரில் பொருத்துவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஏற்ற சூளைச் சூட்டைத் தனியே கொடுக்க முடிந்ததால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கெடவில்லை. இந்தத் தொழிலுக்கு வட இந்தியாவில் காஷிகாரி என்று பெயர்.

கலை வெளியிலிருந்து வந்தாலும் மூலப்பொருள் உள்ளூரில் கிடைத்தது. வட இந்தியச் சமவெளியில் கோடையில் நிலத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும் ‘ரே’ என்ற உவர் உப்பு, கண்ணாடிக்கு வேண்டிய சோடாவைத் தந்தது. பஞ்சாப், முல்தான் பக்கத்தில் உவர்ச்செடிகளை எரித்த சாம்பலிலிருந்து ‘சஜ்ஜி’ எடுத்தார்கள். குவார்ட்ஸ் ஆரவல்லிப் பாறைகளில் தாராளமாக உண்டு. தில்லிக் கட்டடங்களின் ஓட்டுத் துண்டுகளை வேதியியல் முறையில் சோதித்த ஆய்வுகளும் உள்ளூர்த் தயாரிப்பையே சுட்டுகின்றன.

இந்த அறிவு இடையில் தில்லியில் அற்றுப்போனது. 2007 முதல் 2013 வரை இந்தியத் தொல்லியல் துறையுடன் ஆகா கான் அறக்கட்டளை ஹுமாயூன் கல்லறையில் பணி செய்தபோது, கூரைமேல் 20ஆம் நூற்றாண்டில் கொட்டிய கான்கிரீட்டில் பத்து லட்சம் கிலோவுக்கு மேல் அகற்றினார்கள். அதோடு சத்ரிகளுக்கான ஓட்டைப் பழைய முறையில் செய்யவும் முயன்றார்கள். உஸ்பெகிஸ்தானிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்கள். நிஜாமுதீன் குடியிருப்பு இளைஞர்கள் அவர்களிடம் பயிற்சி பெற்றார்கள். கலவையும் சூடும் கைக்கு வரப் பல சுற்றுச் சோதனை தேவைப்பட்டது. பழைய ஓடு எதையும் பெயர்க்காமல், உதிர்ந்த இடத்தில் மட்டும் புதியவற்றைப் பதித்தார்கள். இன்று பார்த்தால் சத்ரியில் பழைய ஓட்டின் மங்கலும் புதியதன் பளபளப்பும் பக்கம் பக்கமாகத் தெரியும். 2024இல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகம் வளாகத்தின் வரலாற்றை விரிவாகக் காட்டுகிறது.

நிஜாமுதீன் குடியிருப்பின் சந்துகளுக்குள் அத்கா கான் கல்லறை மறைந்திருக்கிறது. 1566-67இல் முடிந்த சிறிய கட்டடம். சிவப்பு மணற்கல், பளிங்கு, நிற ஓடு மூன்றையும் ஒரே முகப்பில் இவ்வளவு நெருக்கமாக இழைத்த வேலை தில்லியில் வேறு இல்லை எனலாம். கல்லில் வெட்டிய குழிக்குள் ஓட்டுத் துண்டை நகை பதிப்பது போலப் பதித்திருக்கிறார்கள்.

பழைய கோட்டையும் மெஹ்ரௌலியும்

பழைய கோட்டைக்கு எதிரே மதுரா சாலையின் மேற்கில் கைருல் மனாஸில் மசூதி இருக்கிறது. அக்பரின் செவிலித்தாய் மாஹம் அங்கா 1561-62இல் கட்டுவித்தது. தொழுகைக்கூட முகப்பின் வளைவுகளைச் சுற்றி ஓட்டு அலங்காரத்தின் எச்சங்கள் உண்டு. மழை நீர் இறங்கும் தாரையில் ஓடு முற்றிலும் போய்விட்டது. துருத்திய விளிம்பின் நிழலில் தப்பியிருக்கிறது. தில்லியின் எல்லாக் கட்டடங்களிலும் இதே கதைதான். மெருகு தண்ணீரை விடாது. ஆனால் இணைப்பு வழியே உள்ளே போன நீர் சுவரின் உப்பைக் கரைத்து ஓட்டின் முதுகுக்குக் கொண்டுவரும். நீர் வற்றும்போது உப்பு படிகமாகிப் பருத்து ஓட்டை வெளியே தள்ளும். வேர்கள் மீதி வேலையைச் செய்துவிடும்.

தெற்கே மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவில் ஜமாலி கமாலி மசூதியும் கல்லறையும் உள்ளன. மசூதி 1528-29ஐச் சேர்ந்தது. பக்கத்திலேயே கவிஞர் ஷேக் ஜமாலியின் தட்டையான கூரை கொண்ட சிறு கல்லறை. வெளியில் கூரை விளிம்புக்குக் கீழே நீல ஓட்டு வரிசை ஓடுகிறது. உள்ளே சுதைவேலையில் சிவப்பும் நீலமும் நிறைந்த கொடி அலங்காரம். பூங்காவில் 1506ஐச் சேர்ந்த ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணற்றின் மேல் நிற்கும் மண்டபக் கல்லறையிலும் நீல ஓட்டின் எச்சம் தெரியும்.

ஷாஜகான் காலத்தில் லாகூர் முழுச் சுவர்களையும் ஓட்டால் போர்த்தியது. ஆக்ராவில் 1630களில் எழுந்த சீனி கா ரௌஸாவும் அந்த வழியைப் பின்பற்றியது. ஆனால் 1639இல் தொடங்கிய தில்லிச் செங்கோட்டையில் பளிங்குக்கும் கல் பதிப்புக்குமே முதலிடம். ஓடு பின்வாங்கியது.

செங்கோட்டையில் இத்தாலி

இத்தாலியக் கைவண்ணம் தில்லிச் சுவரில் முதலில் ஏறியது செங்கோட்டையில்தான். ஓடாக அல்ல, கல்லாக. திவான்-ஏ-ஆமில் அரியணை மாடத்தின் பின்சுவரில் கருங்கல் தகடுகளில் நிறக் கற்களை இழைத்துச் செய்த பறவைகளும் மலர்களும் இருக்கின்றன. இவற்றில் பல ஃபுளோரன்ஸ் நகரப் பட்டறைகளில் செய்தவை. உச்சியில் கிரேக்கப் புராணத்தின் ஆர்ஃபியஸ் நரம்பிசைக் கருவியை மீட்ட, விலங்குகள் கேட்டிருக்கும் காட்சி. 1857 எழுச்சியை அடக்கிய பின் ஒரு ஆங்கிலேய அதிகாரி சில தகடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார். அவை லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கர்சன் பிரபு அவற்றைத் திரும்பப் பெற்றார். மெனேகாட்டி என்ற இத்தாலியக் கைவினைஞர் 1909இல் மீண்டும் பொருத்தும் வேலையைச் செய்தார்.

எளிதில் உடையாத, சிறிய, விலை மிகுந்த பொருள் என்பதால் கல் தகடு கடல் கடந்து வந்தது. சூளையிலிருந்து எடுத்த ஓட்டை அந்தக் காலத்தில் வண்டியிலும் கப்பலிலும் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோவது நட்டத் தொழில். ஆகவே ஓடு வந்ததைவிட ஓடு செய்யத் தெரிந்தவர்கள் வந்ததே அதிகம்.

இத்தாலியில் ஓட்டின் இடம்

தில்லியில் ஓடு வானத்தைப் பார்த்தது. இத்தாலியில் அது வீட்டுக்குள் இறங்கியது. ஃபயென்ஸா, தெருத்தா, கஸ்தல்துரந்தே நகரங்களின் குயவர்கள் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தேவாலயச் சிற்றறைகளுக்கும் பிரபுக்களின் அறைகளுக்கும் தரை ஓடு செய்தார்கள். கஸ்தல்துரந்தே ஊரைச் சேர்ந்த சிப்ரியானோ பிக்கோல்பாஸோ 1550களில் எழுதிய குயவர் கலை நூலில் சூளையின் அமைப்பும் மெருகுக் கலவைகளும் படத்துடன் விளக்கப்பட்டிருக்கின்றன.

தெற்கே நேப்பிள்ஸ் வட்டாரத்தில் இந்தக் கலை செழித்தது. அந்த ஊரின் சான்டா கியாரா மடத்து முற்றத்தில், டொமெனிகோ அந்தோனியோ வக்காரோ 1740ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்த தூண்களும் இருக்கைகளும் முழுக்க ஓவிய ஓடு. திராட்சைக் கொடிகள் தூணைச் சுற்றி ஏறுகின்றன. இருக்கை முதுகுகளில் அறுவடையும் மீன்பிடியும் நடக்கின்றன. காப்ரி தீவின் அனகாப்ரி ஊரில் சான் மிக்கேல் தேவாலயத்தின் தரை முழுவதும் 1761இல் பதித்த ஒரே ஓவியம்: ஆதாமும் ஏவாளும் சொர்க்கத்திலிருந்து வெளியேறும் காட்சி. மெருகு தேயாமலிருக்கப் பார்வையாளர்களை ஓரத்துப் பலகைப் பாதையில் மட்டும் நடக்க விடுகிறார்கள். கடற்கரை ஊரான வியத்ரி சுல் மாரேயும் சிசிலியின் கல்தஜிரோனேயும் இன்றும் கையால் தீட்டும் ஓட்டுக்குப் பேர்போனவை. கல்தஜிரோனேயின் 142 படிகள் கொண்ட சான்டா மரியா தெல் மோந்தே படிக்கட்டில் ஒவ்வொரு படியின் முகப்பிலும் வெவ்வேறு கோல ஓட்டு வரிசை 1950களில் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இந்த ஐரோப்பியப் பழக்கத்தின் தடத்தைச் செட்டிநாட்டில் காணலாம். வணிகர்கள் கப்பலில் வரவழைத்த இத்தாலியப் பளிங்கும் ஆங்கில, ஜப்பானிய மெருகு ஓடுகளும் அந்த வீடுகளின் முகப்பிலும் வளவிலும் இருக்கின்றன. பக்கத்து ஆத்தங்குடியில் செய்வது வேறு வகை. கண்ணாடித் தட்டின் மேல் நிறச் சிமென்டை வார்த்து எடுக்கும் அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை.

தில்லி நீலம்

கட்டடத்தில் ஓடு ஒதுங்கிய பிறகும் சட்டி, குவளை, ஜாடி செய்யும் வேலையில் தில்லிக் குயவர்கள் நீல மெருகைக் காப்பாற்றி வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ராம் சிங், தம் கலைப்பள்ளிக்காக இரண்டு சகோதரர்களைத் தில்லிக் குயவர் போலாவிடம் அனுப்பித் தொழில் கற்கச் செய்தார் என்பது ஜெய்ப்பூரில் வழங்கும் வரலாறு. இன்று உலகம் ஜெய்ப்பூர் நீலம் என்று வாங்குவதன் வேர் அங்கே இருக்கிறது. குவார்ட்ஸ் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மண், பிசின் ஆகியவற்றைக் கலக்கும் ஜெய்ப்பூர் முறை, லோதி கால ஓட்டின் நேர்வாரிசு.

20ஆம் நூற்றாண்டில் இந்த இழையைத் தில்லியில் பிடித்தவர் சர்தார் குர்சரண் சிங். நிலவியல் பட்டதாரி. ராம் சிங் காப்லி என்பவரின் தில்லிப் பட்டறையில் சேர்ந்து, அப்துல்லா என்ற பட்டாணியக் குயவரிடம் நீல மெருகைக் கற்றார். 1919இல் ஜப்பான் சென்று பீங்கான் தொழில் படித்தார்; அங்கே பெர்னார்ட் லீச், ஹமாதா ஷோஜி போன்றோரின் வட்டத்தோடு பழகினார். 1952இல் தில்லி புளூ பாட்டரியைத் தொடங்கினார். கலங்களோடு ஓடுகளும் ஜாலி என்னும் துளைத்தடுப்புகளும் அங்கே தயாராயின. அடுத்த தலைமுறை இந்தியப் பீங்கான் கலைஞர்கள் பலர் அங்கே பயின்றார்கள். 1991இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1995இல் மறைந்தார்.

லோதி தோட்டத்தை ஒட்டியே ஜோசப் ஸ்டைன் வடிவமைத்து 1962இல் திறந்த இந்தியா இன்டர்நேஷனல் சென்டர் இருக்கிறது. கரடான கல் சுவரும் வெற்றுக் கான்கிரீட்டும் கொண்ட அந்த நவீனக் கட்டடத்தில் நீல மெருகிட்ட பீங்கான் ஜாலிகள் வெயிலை வடிகட்டுகின்றன. ஷீஷ் கும்பதைப் போலவே இங்கும் சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே அளவான நீலம்.

ஆலை ஓடு

சாதாரண வீட்டுக்கு மெருகு ஓட்டைக் கொண்டுவந்தது ஆலை. விடுதலைக்குப் பிந்தைய தில்லிக் குடியிருப்புகளில் தரைக்குச் சிப்ஸ் மொசைக் போட்டார்கள். குளியலறையில் இடுப்புயரம் வரை ஆறு அங்குல வெள்ளை ஓடு, மேலே சுண்ணாம்பு. அந்த வெள்ளை ஓட்டைச் செய்ய நகருக்கு அருகிலேயே ஆலைகள் வந்தன. ஹரியானாவின் பகதூர்கர் அருகே சோமானி ஆலை ஆங்கிலேயத் தொழில்நுட்பத்துடன் 1970களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்துச் சிக்கந்தராபாதில் கஜாரியா 1988இல் ஸ்பெயின் நாட்டுக் கூட்டுறவுடன் தொடங்கியது.

இதே காலத்தில் இத்தாலியின் மோதெனா மாகாணத்துச் சஸ்ஸுவோலோ வட்டாரம் உலக ஓட்டுத் தொழிலின் தலைநகராக எழுந்திருந்தது. களிமண் குன்றுகளுக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஆலைகள். உருளைகளின் மேல் ஓடு நகர்ந்துகொண்டே சுடப்படும் சூளையை 1970களில் அங்கே செம்மைப்படுத்தினார்கள். நாள்கணக்கில் நடந்த சூளை வேலை ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கியது. இமோலா நகரத்து சாக்மி என்ற தொழிலாளர் கூட்டுறவு, அழுத்தும் எந்திரங்களையும் சூளைகளையும் உலகெங்கும் விற்றது.

அந்த எந்திரங்கள் குஜராத்தின் மோர்பிக்கும் வந்தன. முன்பு கூரை ஓடு சுட்ட ஊர் அது. இன்று இந்திய டைல்ஸில் மிகப் பெரும் பங்கு அங்கேதான் தயாராகிறது. சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் ஓடு செய்யும் நாடாக இந்தியா உயர்ந்தது பெரும்பாலும் மோர்பியால்தான். எந்திரம் வெளிநாடு, மண் குஜராத், ராஜஸ்தான். தில்லிக் கடையில் ‘இத்தாலியன்’ என்று விற்பதில் பெரும்பகுதி இத்தாலியப் பளிங்கின் ரேகையை டிஜிட்டல் முறையில் அச்சிட்ட மோர்பிச் சரக்கு. கலை வெளியிலிருந்து வர, பொருள் உள்ளூரில் உருவாகும் பழைய வழக்கம் இங்கும் மாறவில்லை.

கடைத்தெரு

தெற்குத் தில்லியில் சுல்தான்பூர் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய எம்.ஜி. சாலை, கோட்லா முபாரக்பூர், மேற்கே கீர்த்தி நகர் ஆகிய இடங்களில் டைல்ஸ் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. உண்மையான கைத்தீட்டு இத்தாலிய ஓடு சில பெரிய காட்சியகங்களில் மட்டும், பெரும்பாலும் முன்பதிவின் பேரில் கிடைக்கும். அதை அடையாளம் காண்பது கடினமல்ல. திருப்பிப் பார்த்தால் முதுகில் சுட்ட மண் நிறம் தெரியும். விளிம்பில் மெருகு சற்றே வழிந்திருக்கும்; கனம் ஓட்டுக்கு ஓடு மாறும். ஒரே கோலம் கொண்ட இரண்டு ஓட்டைப் பக்கத்தில் வைத்தால் தூரிகை தொடங்கிய இடத்தில் நிறம் அடர்ந்தும் முடிந்த இடத்தில் இளைத்தும், இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். அச்சு ஓட்டில் அந்தக் கோடு அச்சுப் பிசகாமல் திரும்ப வரும்.

சுவருக்கும் தரைக்கும் ஒரே ஓடு ஆகாது. சுவர் ஓட்டின் உடல் நுண்துளை மிக்கது. தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சும். அதனால் இலேசாக இருக்கும், சாந்தைப் பற்றிக்கொள்ளும். தரைக்குப் போடும் விட்ரிஃபைடு ஓடு சுமார் 1200 டிகிரியில் இறுகச் சுட்டது. அரை விழுக்காட்டுக்கு மேல் நீர் ஏற்காது. மெருகிட்ட விட்ரிஃபைடு ஓட்டைக் கடைக்காரர்கள் ஜி.வி.டி. என்பார்கள். பெட்டியின் மேல் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 15622 குறியீடு இருக்கிறதா என்றும், எல்லாப் பெட்டிகளிலும் ‘ஷேடு’ எண் ஒன்றா என்றும் பார்ப்பது வழக்கம். வேறு வேறு சூளை வேளையில் வந்த ஓடுகள் பதித்த பிறகு நிற வேறுபாடு காட்டும்.

தில்லியின் வானிலை ஓட்டுக்குக் கடுமையானது. கோடையில் 45 டிகிரியைத் தொடும் வெயிலும் ஜனவரியில் எலும்பைத் துளைக்கும் குளிரும் ஒரே தரையைத் தாக்குகின்றன. ஓட்டை ஓட்டோடு முட்டவைத்துப் பதித்தால் விரிவதற்கு இடமின்றித் தரை தூக்கிக்கொள்ளும். சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை. பதித்த மறுநாள் கொத்தனார் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார். ‘டொக்’ என்று வெற்றொலி எழும் ஓட்டைப் பெயர்த்து மீண்டும் பதிப்பார். நிலத்தடி நீரின் உப்பு இணைப்புகளில் வெள்ளையாகப் பூப்பது, கைருல் மனாஸிலின் ஓட்டைத் தள்ளிய அதே உப்பின் வேலைதான். அதற்கு மருந்து அடித்தளத்தில் ஈரத் தடுப்பும், குளியலறையில் எபாக்ஸி நிரப்பும்.

பயண வழி

அக்டோபர் இறுதி முதல் மார்ச் வரை தில்லியைச் சுற்றத் தோதான காலம். டிசம்பர், ஜனவரியில் காலை மூடுபனியில் நிறம் தெரியாது. பத்து மணிக்கு மேல் புறப்படலாம். முதல் நாள் காலை லோதி தோட்டம்; நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஆட்டோவில் சப்ஸ் புர்ஜ், ஹுமாயூன் கல்லறை வளாகம், அருங்காட்சியகம். வயலட் வழித்தடத்தின் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையம் அருகில் உள்ளது. மாலையில் நிஜாமுதீன் குடியிருப்புக்குள் அத்கா கான் கல்லறை. இரண்டாம் நாள் காலை குதுப் மினார் நிலையத்திலிருந்து மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா. வழியில் சுல்தான்பூர்க் கடைகள். பிற்பகலில் பழைய கோட்டையும் கைருல் மனாஸிலும், நேரம் மிஞ்சினால் லால் கிலா நிலையத்தில் இறங்கிச் செங்கோட்டையும். செங்கோட்டை திங்கட்கிழமை மூடியிருக்கும். ஓட்டு வேலை பெரும்பாலும் தலைக்கு மேல் உயரத்தில் இருப்பதால் ஒரு சிறிய தொலைநோக்கி கையில் இருப்பது நல்லது.